மாராத்தாள் தூற்றிய மண்

சுக்காங்கல்பாளையத்தில் அரிசி ஆலை முதலாளி தெய்வசிகாமணியின் வீட்டு வாசலில், ஐம்பத்தெட்டு வயசு மாராத்தாள் மூன்று கை மண்ணை வாரித் தூற்றி, "நீ நாசமாப் போவ, உன்ற குடி வெளங்காது, உன்ற ஊடு மண்மேடாப் போகும்" என்று வயிற்றிலும் வாயிலும் அடித்துக்கொண்டு சாபம் விட்ட மூன்றாம் நாள், அந்த மண் விழுந்த இடத்தில் கத்தரிச் செடி முளைத்தது. ஒன்றல்ல, பதினொன்று, யாரோ கயிறு பிடித்து நட்டது போல வரிசையாக. வயிறெரிந்து ஒரு பொம்பளை மண்ணை வாரித் தூற்றினால் அந்தக் குடும்பம் மண்ணாய்ப் போக வேண்டும், காலங்காலமாக அதுதான் முறை. இங்கே மாறி நடந்துவிட்டது என்றால் அதற்கு மாராத்தாள் பொறுப்பில்லை, அவள் ஒரு குறையும் வைக்காமல்தான் திட்டினாள்.

ஏன் திட்டினாள் என்று கேளுங்கள். ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை, நீங்களாவது கேளுங்கள்.

அவள் புருசன் நாட்ராயன் அந்த ஆலையில் இருபத்திரண்டு வருசம் கொதிகலனுக்கு உமி தள்ளினவன். கொதிகலனின் மூட்டில் ஆவி கசிகிறது, என்றைக்காவது வெடிக்கும் என்று ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டே இருந்தான், முதலாளியும் "இந்த லோடு முடியட்டும்டா" என்று ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், லோடு முடிவதற்குள் ஒரு நாள் மத்தியானம் கொதிகலன் வெடித்து நாட்ராயன் முடிந்து போனான். அதோடு விட்டார்களா? வேலை நேரத்தில் குடிபோதையில் இருந்தபடியால் இவ்விபத்து நேர்ந்தது என்று தெய்வசிகாமணி ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு விசாரணைக்கு வந்தவர்களிடம் கொடுத்தார். குடிபோதை! மாரியம்மன் நோம்பிக்கு ஊரே குடித்துவிட்டு உருளும்போதுகூட ஒரு கலர் சோடா வாங்கிக் குடித்துவிட்டு உதடு சிவக்க நின்றவன் நாட்ராயன். ஆனால் காகிதத்தில் ஏறிவிட்டதல்லவா, அப்புறம் அது ஆபீஸ் ஆபீஸாகப் போனது, டீக்கடைக்குப் போனது, கடைசியில் கூடப் பிறந்தவர்களே "லேசாப் போட்டிருந்தானோ என்னமோ" என்று சொல்லும் அளவுக்கு வந்து நின்றது.

மாராத்தாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்கு ஒண்ணும் தர வேண்டாமுங் மொதலாளி, அந்த ஒரு வார்த்தைய அடிச்சு உட்டுருங்." ஏழு வருசம் கேட்டாள். "எழுதுனது எழுதுனதுதான் மாராத்தா, போய் வேலையப் பாரு" என்று ஏழு வருசமும் அவர் சொன்னார். அவளும் போய் வேலையைப் பார்த்தாள், அதே ஆலையின் களத்தில், அதே வெயிலில், ஏனென்றால் வேறு ஆலைக்காரன் யாரும் அவளைச் சேர்க்கவில்லை. ஏழாவது வருசம், இடையில் ஓட்டிய வாடகைக் கொதிகலனை மாற்றிவிட்டுப் புதுக் கொதிகலனுக்குப் பூஜை போட்ட அன்றைக்கு, வந்திருந்த விருந்தாளிகளிடம் தெய்வசிகாமணி பல்லைக் காட்டிக்கொண்டு, "பழசை ஒரு குடிகாரப் பய வெடிக்க உட்டுட்டான்" என்று சொன்னது களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த மாராத்தாளின் காதில் விழுந்தது. துழாவு கட்டையை அப்படியே போட்டுவிட்டு நேராக அவர் வீட்டுக்கு நடந்து போய்த்தான் அவள் மண்ணை வாரினாள்.

சாபம் விட்டுவிட்டு அவள் போனதும் முதலாளியின் சம்சாரம் பயந்து போய், மண் விழுந்த இடத்தில் மூன்று நாள் மஞ்சள் தண்ணீரும் கோமியமும் ஊற்றினாள், சாபம் முறிந்து போகட்டும் என்று. நாலாம் நாள் போய்ப் பார்த்தால் அதைக் குடித்துச் செடி இன்னும் ஒரு சாண் வளர்ந்திருந்தது. ஒரு வாரத்தில் பூத்து, பத்து நாளில் காய்த்தது. கோமியத்தின் மகிமை என்று ஊர் பேசிக்கொண்டது, அடுத்த சந்தைக்குள் அந்த ஊரில் கோமியத்துக்குத் தட்டுப்பாடு வந்தது.

மாராத்தாளுக்குச் செய்தி போனதும் அவளுக்குக் குலை எரிந்தது. "நான் வயிறெரிஞ்சு மண்ணு வாரினா அவனுக்குக் கத்தரிக்காயா? இதென்ன நாயம்?" என்று, ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் பக்கத்து வீட்டுச் சரசாளிடம் கத்திவிட்டு, அத்தனையையும் வேரோடு பிடுங்கிப் போடுவது என்று கிளம்பிப் போனாள். காவல்காரன் தடுப்பதற்குள் உள்ளே நுழைந்து முதல் செடியின் தண்டைப் பிடித்தாள். பிடித்தவள் பிடித்தபடியே நின்றுவிட்டாள். இத்தனை வருசம் அவள் கையில் பட்டதெல்லாம் அவித்த நெல், அவித்து, காயவைத்து, அரைத்து, மூட்டை கட்டுகிற நெல், ஒரு மணிகூட முளைக்காது. நிலம் நீர் இல்லாத குடும்பம், லைன் வீட்டுச் சிமெண்டுத் தரை, ஒரு வெங்காயத் தாளைக்கூட அவள் ஊன்றி வைத்ததில்லை. இப்போது அந்த இலையின் சொரசொரப்பும், அடியில் ஒளிந்துகொண்டு தொங்கிய ஊதாப் பிஞ்சும் கையில் பட்டதும் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. தண்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் முளைத்திருந்த கோரைப் புல்லைப் பிடுங்கி எறிந்தாள். "சோத்துக்குச் செத்ததாட்டம் நிக்குது பாரு, தண்ணி ஊத்த மாட்டீங்ளா?" என்று காவல்காரனைத் திட்டிவிட்டு, சத்தம் கேட்டு வெளியே வந்த முதலாளியைப் பார்த்தபடி இன்னொரு கை மண்ணை வாரி இன்னொரு சாபத்தையும் விட்டுவிட்டு வந்தாள். அந்தக் கைக்கு அவரை முளைத்தது.

அப்புறம் தினமும் விடிந்ததும் போக ஆரம்பித்தாள். சாபம் கொடுக்கப் போகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டாள், சாபமும் கொடுத்தாள், கைக்கு ஒன்றாக முளைத்தது, ஆனால் திட்டி முடித்த பிறகும் கிளம்ப மனசு வராமல் உட்கார்ந்துவிடுவாள். அவரைக்கு அசுவினிப் பூச்சி விழுந்தால் அடுப்புச் சாம்பலைத் தூவ வேண்டும் என்று தானே கண்டுபிடித்தாள். அரசாணிப் பூசணிக் கொடியில் காம்பு மட்டும் உள்ளது ஆண் பூ, அடியில் குண்டாகப் பிஞ்சு வைத்துக்கொண்டிருப்பது பெண் பூ, காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் ஒற்றினால்தான் காய் நிற்கும் என்பதை ஐம்பத்தெட்டாவது வயதில் கண்டுகொண்ட அன்றைக்கு அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சிரித்த வாயைப் பொத்திக்கொண்டாள். நாட்ராயனைக் குடிகாரன் என்றவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு சிரிப்பா வருகிறது உனக்கு, வெட்கங்கெட்டவளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரமாக வந்தது, ஆனாலும் மறுநாள் போகாமல் இருக்க முடியவில்லை.

செடி முளைத்தது கோமியத்தால் இல்லை, ஆத்திரத்தால் என்று ஊருக்கு விளங்கக் கொஞ்ச நாளாயிற்று. சரசாள்தான் முதலில் முயன்று பார்த்தாள். மருமகள் மேல் கோபம் என்று அவள் வாசலில் ஒரு கை மண்ணைப் போட்டாள், ஒரே ஒரு தும்பைச் செடி முளைத்தது, அதுவும் நோஞ்சான். "உனக்கு அவ மேல கோபமே இல்ல, சும்மா வாய்" என்று மாராத்தாள் சொன்னாள். அதே சரசாள், மகள் பிரசவத்துக்குத் துடித்த அன்று வாடகைக் கார் தர மாட்டேன் என்று கதவைச் சாத்தினவன் வாசலில் போய் நின்று தூற்றினாள், அங்கே முருங்கை முளைத்துப் பத்து நாளில் மாடி ஏறியது. அப்புறம் என்ன, ஊரில் வயிறெரிந்த பொம்பளைகளுக்கா பஞ்சம்? ஆளுக்கொரு கை மண்ணோடு கிளம்பிவிட்டார்கள். சித்திரை வெயிலில் காடுகரையெல்லாம் காய்ந்து கிடக்க, பெரிய மனுசர்களின் வாசல்கள் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றன. எந்த வீட்டு வாசல் பச்சையோ அந்த வீட்டுக்காரன் எவள் குடியையோ கெடுத்தவன் என்று தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம் தெரிந்துகொண்டான். மெத்தப் படித்த ஒரு வாத்தியார் வாசலில் கொத்தவரை அடர்ந்து நின்றபோது ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. நல்லவர் என்று பேரெடுத்தவர்களெல்லாம் விடிந்தும் விடியாமலும் எழுந்து வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முளைத்ததைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார்கள், பொட்டல் வாசல் வைத்திருந்தவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

அந்த வெட்கம் எத்தனை நாள் தாங்கியது என்கிறீர்கள்? தக்காளி விலை ஏறும் வரைக்கும்தான். சந்தையில் காய்கறி தொட்டால் சுடுகிற விலைக்குப் போனதும், பச்சை வாசல் வைத்திருந்தவன் பாக்கியவான் ஆகிவிட்டான். கிள்ளிப் போட்டவர்கள் கையைப் பிசைந்தார்கள். "நம்மூட்டுக்கும் ஒரு கை மண்ணு போடேன் மாராத்தா, என்ன வேணும்னாலும் திட்டிக்கோ" என்று தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வந்தார்கள், மானங்கெட்டவர்கள். தோட்டக்கலை அதிகாரி ஒருவர் வந்து மண்ணைப் பையில் போட்டு எடுத்துப் போனார். வந்தார்கள், பார்த்தார்கள், பறித்தார்கள், சமைத்தார்கள், உப்புக் கொஞ்சம் கூட என்றுகூடச் சொன்னார்கள். மாராத்தா, உனக்கு என்ன கோபம், யார் மேல், எதற்கு என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கேட்டிருக்கக் கூடாதா?

தெய்வசிகாமணி எல்லோருக்கும் ஒரு படி மேலே போனார். ஆலைக் கேட்டில் 'தெய்வசிகாமணி இயற்கைத் தோட்டம்' என்று பெரிய போர்டு வைத்தார். போர்டு திறந்த அன்று மாராத்தாளை ஆளனுப்பிக் கூட்டி வந்து, கூட்டத்தின் நடுவே நிறுத்தி, ஒரு சால்வையைப் போர்த்திவிட்டு, "எங்க மில்லுல வேலை செய்யற மாராத்தாளோட ஆசீர்வாதம் இது" என்று சொன்னார். ஆசீர்வாதமாம்! மாராத்தாள் சால்வையை உருவித் தரையில் வீசிவிட்டு, "அது சாபம்டா, சாபம், உன்ற வம்சம் அழியோணும்னு உட்ட சாபம்" என்று கத்தி, குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி அவர் வெள்ளை வேட்டியெல்லாம் படியத் தூற்றினாள். கூட்டம் பயபக்தியோடு கைதட்டியது. அந்த மண்ணில் வெண்டையும் பாகலும் மிளகாயும் கலந்து வந்தன, முதலாளி மகிழ்ச்சியோடு இன்னொரு போர்டு வைத்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை. என்ன திட்டினாலும் அவனுக்கு வரவாகிறது, திட்டாமல் இருந்தால் நெஞ்சு வெடிக்கிறது. மூன்றாம் நாள் காலையில் லைன் வீட்டுக்குப் பின்னால், சாக்கடை ஓரமாக, குப்பையும் செங்கல் துண்டுமாகக் கிடந்த பத்தடி இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. யாரைத் திட்டினோமோ அவன் வாசலில்தான் மண் போட வேண்டும் என்று எவன் சொன்னான்? காலங்காலமாக எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், அதனால் நானும் அப்படியே செய்தேன். அவன் பேரைச் சொல்லி என் வீட்டில் போட்டால் என்ன?

குப்பையை வழித்துப் போட்டாள், செங்கல்லைப் பொறுக்கி வரப்பு வைத்தாள். அப்புறம் ஆலை இருக்கும் திசையைப் பார்த்து நின்றுகொண்டு, ஏழு வருசத்தையும் தொண்டைக்குக் கொண்டுவந்து, தெய்வசிகாமணியின் பேரைச் சொல்லித் திட்டி, அந்த மண்ணைத் தன் காலடியிலேயே தூற்றினாள். மூன்றாம் நாள் முளைத்ததே பாருங்கள், அப்படி ஒரு தோட்டம் அந்தத் தாலுக்காவிலேயே கிடையாது. பாகலுக்குப் பழைய சேலையைக் கிழித்துப் பந்தல் கட்டினாள், கத்தரியில் முதல் காய்ப்பை விதைக்கு விட்டாள், நுனி கிள்ளினாள், மண் அணைத்தாள், ஒவ்வொரு செடியையும் தனித்தனியாகத் திட்டினாள். "ஏண்டி, ஒரு குடம் தண்ணி குடிச்சியே, ஒரு பூ உட்டா என்ன கேடு?" என்று மிளகாயிடம் சண்டைக்கு நின்றாள். சரசாளும் மற்ற பொம்பளைகளும் பார்த்தார்கள், அவர்களுக்கும் உறைத்தது. அவரவர் கோபத்தை அவரவர் வீட்டிலேயே போட ஆரம்பித்தார்கள். லைன் வீடுகள் இருபத்தெட்டும் பச்சைக்குள் மறைந்தன, புதுக் கோபம் விழாத பெரிய மனுசர்களின் வாசலெல்லாம் ஆடி மாசக் காற்றில் காய்ந்து சருகாகிப் பறந்தது.

இங்கேதான் தெய்வசிகாமணி மாட்டிக்கொண்டார். போர்டை நம்பிக் கரட்டடியில் இருபது ஏக்கர் வாங்கிப் போட்டிருந்தார், எல்லாம் சுண்ணாம்புக்கல் பூமி, எருக்குகூட முளைக்காது. வேலி போட்டாயிற்று, வெளியூரில் கடை பிடித்தாயிற்று, திறப்பு விழாவுக்கு மேளதாளம் சொல்லியும் ஆயிற்று. அவர் ஆத்திரப்படுத்திப் பார்த்தார், மாராத்தாளை வேலையிலிருந்து நிறுத்தினார். அவளுடைய பாகல் இன்னும் இரண்டு பந்தல் ஏறியதுதான் மிச்சம். கடைசியில் ஒரு நாள் காரை விட்டு இறங்கி, சாக்கடையைத் தாண்டி, லைன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாராத்தாம்மா, ஒரே ஒரு தடவ கரட்டடிக்கு வந்து, மனசார ஒரு கை மண்ணு போட்டுருங். உங்களுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்."

உங்களுக்காம். கேளுங்களாம். ஏழு வருசம் 'போய் வேலையப் பாரு' என்று விரட்டிய வாய். மாராத்தாள் கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே வைக்கவில்லை.

"நான் கேட்டது உங்களுக்குத் தெரியுமுங். ஏழு வருசமாக் கேட்டதுதான். என்ற ஊட்டுக்காரரு குடிக்கலைன்னு சொல்லோணும். ஊரு முன்னால, மைக்குல சொல்லோணும். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுக்கோணும். அதுக்கப்புறம் மண்ணப் பத்திப் பேசலாமுங்."

அவர் போய் வக்கீலைக் கேட்டார். இத்தனை காலம் கழித்து இனி யார் என்ன செய்ய முடியும், தாராளமாகச் சொல்லுங்கள் என்று வக்கீல் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த வெள்ளிக்கிழமையே கரட்டடியில் பந்தல் எழும்பிவிட்டது. ஊர் மொத்தமும் திரண்டது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார், தோட்டக்கலை அதிகாரி வந்தார், லைன் வீட்டுப் பொம்பளைகள் அத்தனை பேரும் வந்து முன்வரிசையில் தரையில் உட்கார்ந்தார்கள். மாராத்தாள் அந்த மொட்டைப் பூமியின் நடுவில் நின்றாள்.

தெய்வசிகாமணி மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினார்.

"நாட்ராயன் அன்னைக்குக் குடிக்கல. அவன் எப்பவும் குடிச்சதில்ல. கொதிகலன் கசியுதுன்னு முன்னாடியே எங்கிட்டச் சொன்னான், நான்தான் கேக்கல. குடிபோதைன்னு நான் எழுதுனது பொய்."

காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். சரசாள் அதை வாங்கி மடித்து மாராத்தாளின் இடுப்பில் செருகினாள்.

அவ்வளவுதான். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இந்தா பிடி என்று சொல்லிவிட்டார், நாக்கு குழறவில்லை, வானம் இடிந்து விழவில்லை, அவர் குரல்கூட உடையவில்லை. இத்தனை லேசானதா இது? இதைச் சொல்லவா ஏழு வருசம் ஆயிற்று? நான் காலில் விழுந்தபோது சொல்லியிருக்கலாமே, அவன் அண்ணன் தம்பிகள் அவனைச் சந்தேகப்பட்டபோது சொல்லியிருக்கலாமே, வெண்டைக்காய் வேண்டும் என்பதற்காக இன்றைக்குச் சொல்கிறாயே பாவி! மாராத்தாளுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. இதுவரைக்கும் பட்டதெல்லாம் ஒரு கோபமா என்று தோன்றுகிற அளவுக்கு அன்றைக்கு அவளுக்குக் கோபம் வந்தது.

"போடுங்கம்மா, மண்ணப் போடுங்" என்றார் தெய்வசிகாமணி. வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, சாபத்தை வாங்கிக்கொள்ளத் தலையையும் லேசாகக் குனிந்தார்.

அவள் குனிந்தாள். கை நிறையச் சுண்ணாம்பு மண்ணை வாரினாள். அப்போது அவள் வாயைத் திறந்திருந்தால் அந்த இருபது ஏக்கரும் மூன்றே நாளில் வனமாகியிருக்கும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவள் பல்லைக் கடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. வந்த அத்தனையையும் எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். பிறகு விரலைத் தளர்த்தி, மண்ணைப் பூமியிலேயே மெல்ல வழிய விட்டு, இரண்டு கையையும் தட்டிக்கொண்டாள்.

"நல்லா இருங்க மொதலாளி" என்றாள். "உங்க குடும்பம், கொளந்தைக, எல்லாரும் நல்லா இருக்கோணும்."

"என்னங் இது? வாக்குக் குடுத்தீங்ளே!"

"பேசலாம்னு சொன்னனுங். பேசிட்டனுங்ளே. நீங்கதான் உண்மையச் சொல்லீட்டீங்க, அப்புறம் எனக்கு உங்க மேல என்னங் கோபம்? கோபமில்லாம மண்ணு போட்டா மொளைக்காதுங்."

அவர் முகம் செத்துப்போனது. "திட்டுங்கம்மா, ஒரு வார்த்த திட்டுங்" என்று மைக்கைக் கையில் வைத்திருப்பதை மறந்துவிட்டுக் கெஞ்சினார், அது நாலு திசையிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்களில் ஊரெல்லாம் கேட்டது. மாராத்தாள் திரும்பிப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள். முன்வரிசைப் பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக எழுந்து, அவருக்கு எதிரே வந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "நல்லா இருங்க மொதலாளி", "நல்லா இருங்க மொதலாளி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே போனார்கள். அந்தப் பூமியில் இன்றைக்கு வரைக்கும் ஒரு புல் கிடையாது.

வீட்டுக்கு வரும் வரைக்கும் மாராத்தாள் வாயைத் திறக்கவில்லை. சாக்கடையைத் தாண்டினாள், தோட்டத்துக்குள் போனாள், பாகல் பந்தலுக்கும் கத்தரிப் பாத்திக்கும் நடுவில் இன்னும் காலியாகக் கிடந்த இடத்தில் நின்றாள். "ஏழு வருசம்டா!" என்று ஆரம்பித்தாள். இரண்டு கையாலும் மண்ணை வாரி வாரித் தூற்றி, பொழுது சாயும் வரைக்கும் திட்டினாள், திட்டத் திட்ட அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள். லைன் வீட்டிலிருந்து ஆலை வரைக்கும் அது கேட்டது, வேலைக்குப் போனவர்கள் நின்று கேட்டார்கள், டீக்கடையில் கேட்டார்கள், ஏன் திட்டுகிறாள் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.